துறைமுகம், பார், சலாபம்: பொருள் நெருங்கிய ஆங்கிலப் பெயர்ச்சொற்களைத் தெரியும் நெறி (தூத்துக்குடி முத்துக்கரையை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

தமிழாய்வின் முடிவுகளை ஆங்கிலத்தில் எடுத்துரைக்கும்போது ஒரு தமிழ்ச் சொல்லுக்கு எதிராகப் பொருள் நெருங்கிய இரண்டு, மூன்று ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் வந்து நிற்கின்றன. அகராதிகள் அவற்றை ஒரே வரியில் அடுக்கித் தருகின்றன. அவற்றுள் எதைத் தெரிவது என்பதற்கு நெறி தருவதில்லை. தூத்துக்குடித் துறைமுகம், மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு ஆகியவற்றைச் சார்ந்த சொற்களைச் சான்றாகக் கொண்டு, சொல்தேர்வுக்குரிய எளிய நெறியொன்றை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு பெயர்ச்சொல் சுட்டும் பொருளிலிருந்து ஒரு கூற்றை நீக்கியபின்னும் அச்சொல் நிலைக்கிறதா என்று பார்க்கும் ‘நீக்கல் சோதனை’யே அந்நெறியாகும். தவறான தேர்வு வரலாறு, கடலியல், சட்டம் ஆகிய களங்களில் உண்மை அல்லாத கூற்றுகளை உருவாக்கும் என்பதும் இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பொருள் நெருங்கிய சொற்கள், மொழிபெயர்ப்பு, தூத்துக்குடி, முத்துக்குளிப்பு, பார், சலாபம், கொற்கை.

1. முன்னுரை

தமிழ்நாட்டின் நெய்தல் நிலம் பற்றிய ஆய்வுகள் பெருகிவருகின்றன. ஆய்விதழ்கள் கட்டுரைச் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் கேட்கின்றன. கல்வெட்டு, சங்க இலக்கியம், மீனவர் வழக்காறு ஆகியவற்றிலிருந்து திரட்டிய சொற்களை ஆய்வாளர் ஆங்கிலப்படுத்த வேண்டியவராகிறார். பிறதுறை அறிஞர் பலருக்கும் அவ்வாங்கிலச் சுருக்கமே கட்டுரைக்குள் நுழையும் வாயில். அதில் அமையும் ஒரு பெயர்ச்சொல் பிழைபட்டால், தமிழில் சரியாகச் சொல்லப்பட்ட கருத்து ஆங்கிலத்தில் வேறொரு கருத்தாக மாறிவிடும். இலக்கணப் பிழையைப் படிப்பவர் கண்டுகொள்வார். சொல்தேர்வுப் பிழையோ பிழையாகத் தோன்றாது, ஆய்வு முடிவாகவே ஏற்கப்பட்டுவிடும். ஆகவே இது நடை பற்றிய சிக்கல் மட்டுமன்று. சான்று பற்றிய சிக்கலும் ஆகும்.

இச்சிக்கலை ஆராயத் தூத்துக்குடிக் கரை பொருத்தமான களம். கிரேக்கம், போர்த்துக்கீசியம், டச்சு, ஆங்கிலம் எனப் பல மொழியினர் இக்கரையின் முத்தையும் சங்கையும் துறையையும் தத்தம் சொற்களால் பெயரிட்டுள்ளனர். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்து அறிக்கைகள் இன்றும் முதன்மைச் சான்றுகளாகப் பயன்படுகின்றன. அவற்றின் ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப்படுத்துவோரும், தமிழ்ச் சொற்களை ஆங்கிலப்படுத்துவோரும் ஒரே இடத்தில் இடறுகின்றனர்.

2. நிகண்டு மரபும் வேறுபாட்டு மரபும்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல் திரிசொல்லை இரு கூறாகப் பகுக்கிறது. ஒரு பொருளைக் குறிக்கும் வெவ்வேறு சொற்கள் ஒரு கூறு. வெவ்வேறு பொருளைக் குறிக்கும் ஒரு சொல் மற்றொரு கூறு. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் முதற்கூற்றை விரித்துத் தொகுத்தன. செய்யுள் இயற்றுவோர்க்கும் பயில்வோர்க்கும் சொல்வளம் தருவது அவற்றின் நோக்கம். எதுகையும் தளையும் வேண்டும் இடத்தில் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக நிற்கும் சொற்களை அவை அடுக்கின. அந்நோக்கத்திற்கு அம்முறை முற்றும் பொருந்தும்.

ஆங்கிலத்திலும் இவ்விரு போக்குகள் உண்டு. 1852இல் வெளிவந்த ரோஜெட்டின் சொற்களஞ்சியம் நிகண்டைப் போலச் சொற்களைக் கருத்துவாரியாகத் தொகுப்பது. அதற்கு முன்பே, 1816இல் வெளிவந்த ஜார்ஜ் கிராபின் நூல் ஒருபொருட் சொற்கள் எனக் கருதப்படுவனவற்றுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை விளக்க முற்பட்டது. 1950களில் ஜே. ஆர். ஃபிர்த் முன்வைத்த உடன்வரவுக் கோட்பாடு, ஒரு சொல்லின் பொருளில் ஒரு பகுதி அதனுடன் வழக்கமாகச் சேர்ந்து வரும் சொற்களில் அமைந்துள்ளது என்பதைக் கவனப்படுத்தியது.

தமிழ் கற்றோர் ஆங்கில அகராதியை நிகண்டு போலப் பயன்படுத்தும்போது சிக்கல் எழுகிறது. அடுக்கி வைக்கப்பட்ட சொற்கள் ஒன்றுக்கு ஒன்று ஈடானவை என்ற எண்ணம் உண்டாகிறது. கட்டுரையில் ஒரே சொல் மீண்டும் மீண்டும் வருவதைத் தவிர்க்கும் பொருட்டு அவற்றை மாற்றி மாற்றி எழுதும் வழக்கமும் இதனால் வலுப்பெறுகிறது. செய்யுளில் அழகாகும் இம்மாற்றம் ஆய்வுரையில் பொருட்குழப்பமாகிறது.

3. நீக்கல் சோதனை

பொருள் நெருங்கிய இரு பெயர்ச்சொற்களை வேறுபடுத்த, ஒவ்வொன்றும் எதை இன்றியமையாக் கூறாகக் கொண்டுள்ளது எனக் காண வேண்டும். சொல் சுட்டும் பொருளிலிருந்து ஒரு கூற்றை மனத்தளவில் நீக்கிப் பார்த்தல் இதற்கு எளிய வழி. கூறு நீங்கியபின்னும் சொல் பொருந்தினால் அக்கூறு அச்சொல்லுக்கு இன்றியமையாதது அன்று. பொருந்தாவிடின் அதுவே அச்சொல்லின் உயிர்நிலை. அடுத்து, மொழிபெயர்க்க வேண்டிய தமிழ்ச் சொல்லையும் அதே சோதனைக்கு உட்படுத்த வேண்டும். இரண்டின் உயிர்நிலையும் ஒன்றுபடும் இடத்திலேயே சொல் தெரியப்பட வேண்டும்.

இதற்குத் துணையாக மூன்று கேள்விகள் அமைகின்றன. சொல்லுடன் வழக்கமாக எச்சொற்கள் சேர்ந்து வருகின்றன? சொல் எண்ணத்தக்க பெயரா, எண்ணப்படாப் பெயரா? எந்தத் துறையினரின் வழக்கில் அது நிலைபெற்றுள்ளது? இவற்றைப் பின்வரும் சான்றுகளில் காணலாம்.

4. துறைமுகம்: ‘போர்ட்’, ‘ஹார்பர்’

தமிழில் துறைமுகம் என்ற ஒரே சொல் நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘போர்ட்’, ‘ஹார்பர்’ என்னும் இரு சொற்கள் உள்ளன. ‘ஹார்பர்’ என்பது அலையும் காற்றும் தாக்காதவாறு கலங்கள் தங்குதற்குரிய நீர்ப்பரப்பு. அதன் பழம்பொருள் தங்குமிடம், புகலிடம் என்பது. வினையாக வரும்போது இன்றும் புகலிடம் தருதல் என்ற பொருளே அதற்கு உண்டு. ‘போர்ட்’ என்பது சரக்கும் பயணிகளும் ஏறி இறங்கும் வணிக, நிருவாக அமைப்பு. சுங்கமும் சட்ட எல்லையும் பெயரும் உடையது.

நீக்கல் சோதனை இதனைத் தெளிவாக்கும். வணிகத்தையும் சுங்கத்தையும் நீக்கினாலும் அலையடங்கிய நீர்ப்பரப்பு ‘ஹார்பர்’ ஆகவே இருக்கும். நீர்ப்பரப்பின் பாதுகாப்பை நீக்கினாலும் வணிகம் நடைபெறும் இடம் ‘போர்ட்’ ஆகவே இருக்கும்.

தூத்துக்குடியின் வரலாறு இவ்வேறுபாட்டுக்கு நேர்ச்சான்று. 19ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடி தென்தமிழகத்தின் பருத்தி ஏற்றுமதிக்கு முதன்மையான ‘போர்ட்’. 1906இல் வ. உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் கொழும்புக்குக் கப்பல் விட்டதும் இங்கிருந்தே. ஆயினும் கரையோரக் கடல் ஆழமற்றது. தோணிகளுக்கும் சிறு கலங்களுக்கும் கரையருகே பாதுகாப்பான நீர் இருந்தது, பெருங்கப்பல்களுக்கு இல்லை. அவை சில மைல் தொலைவில் திறந்த கடலில் நங்கூரமிட்டன. சரக்கும் மக்களும் தோணிகள் வழியே கப்பலுக்குச் சென்றனர். பெருங்கப்பல்களைப் பொறுத்தவரை அன்றைய தூத்துக்குடி ‘ஹார்பர்’ இல்லாத ‘போர்ட்’ எனலாம். ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரு அலைதடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் கற்குவியலால் எழுப்பி உருவாக்கப்பட்ட செயற்கை ‘ஹார்பர்’ பின்னரே வந்தது. 1974இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பு ‘போர்ட்’ என்ற தகுதி பற்றியது. அலைதடுப்புச் சுவர்கள் ‘ஹார்பர்’ என்ற நீர்ப்பரப்பு பற்றியவை. ‘புதிய துறைமுகம் கட்டப்பட்டது’ என்னும் தமிழ்த் தொடரில் இவை இரண்டும் ஒன்றாகக் கலந்து நிற்கின்றன.

உடன்வரவும் இதனை உறுதி செய்கிறது. நிறுவனத்தின் பெயர் ‘போர்ட் டிரஸ்ட்’ என்று இருந்து, 2021ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் ‘போர்ட் அத்தாரிட்டி’ ஆயிற்று. அதன் தலைவர் ‘போர்ட்’ தலைவர். கலங்களின் உள்வரவையும் வெளிச்செல்கையையும் நெறிப்படுத்தும் அலுவலரோ ‘ஹார்பர் மாஸ்டர்’. ஒரே வளாகத்தில் பணம், சட்டம், வணிகம் சார்ந்தவை ஒரு சொல்லையும், நீர், கலம், பாதுகாப்பு சார்ந்தவை மற்றொரு சொல்லையும் ஈர்க்கின்றன. மீன்பிடித் துறைமுகம் இந்திய அரசு வழக்கில் ‘ஃபிஷிங் ஹார்பர்’ எனப்படுவதும் இதனாலேயே. படகுகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடமே அதன் முதற்பயன்.

கொற்கை பற்றி எழுதுவோர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. சங்கப் பாக்கள் கொற்கையைத் துறை என்கின்றன. துறை என்பது நீரில் இறங்கவும் கரையேறவும் உரிய இடம். ஆற்றுக்கும் குளத்துக்கும் உரிய சொல்லே கடலுக்கும் வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த பெரிப்ளூஸ் நூல் கொல்கோய் என்று பெயர் கூறிப் பாண்டியர் ஆட்சியில் அங்கு முத்துக்குளிப்பு நடைபெற்றதைக் குறிக்கிறது. இச்சான்றுகளால் கொற்கையைப் பண்டைய ‘போர்ட்’ என எழுதலாம். ‘ஹார்பர்’ என எழுதினால், அலையடங்கிய நீர்ப்பரப்பு ஒன்று இயற்கையாகவோ கட்டுமானமாகவோ அங்கு இருந்தது என்னும் புவியியல் கூற்றை முன்வைத்ததாகும். கொற்கை இன்று கடலிலிருந்து விலகி உள்நாட்டில் அமைந்துள்ளது. பழைய கரைக்கோடும் தாமிரபரணியின் பழைய கழிமுகமும் தொல்லியலும் நிலவியலும் ஆராயும் பொருள்கள். அவற்றின் சான்றைக் காட்டாமல் ‘ஹார்பர்’ என எழுதுவது, மெய்ப்பிக்காத ஒன்றை ஒரு சொல்லால் மெய்ப்பித்துவிடுவதாகும்.

துறைமுகத்தின் உறுப்புகளைக் குறிக்கும் சொற்களிலும் இதே நெறி பொருந்தும். கடலுக்குள் நீண்டு நிற்கும் கட்டுமானம் ‘ஜெட்டி’. கரையை ஒட்டிச் சுவர்போல் அமைவது ‘கீ’. ஒரு கப்பல் நின்று சரக்கு கையாளும் இடம் ‘பெர்த்’. இது கட்டுமானத்தின் பெயரன்று, கப்பலுக்குரிய இடத்தின் பெயர். ஆகவேதான் ‘பெர்த்’ எண்ணிடப்படுகிறது. ஒரு ‘ஜெட்டி’யில் ஒன்றுக்கு மேற்பட்ட ‘பெர்த்’ இருக்கவும் கூடும். மீனவக் கிராமங்களில் தூண்டில் வளைவு எனப்படுவதற்கும் இதுபோன்ற இரட்டை உண்டு. மணல் அரிப்பைத் தடுப்பது நோக்கமாயின் ‘கிராய்ன்’; அலையைத் தடுத்து அமைதியான நீரை உண்டாக்குவது நோக்கமாயின் ‘பிரேக்வாட்டர்’. வடிவத்தைச் சுட்டும் தமிழ்ச் சொல்லை ஆங்கிலப்படுத்தும்போது பயனைக் கேட்டறிந்தே சொல் தெரிய வேண்டும்.

5. பார்: ‘பேங்க்’, ‘பெட்’, ‘ரீஃப்’

முத்துச்சிப்பி வாழும் கடலடித் தளத்தைக் குளியாளர்கள் பார் என்பர். தூத்துக்குடிக்கு அப்பால், கரையிலிருந்து ஏறத்தாழ 12 முதல் 20 கிலோமீட்டர் தொலைவில், 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் இப்பார்கள் அமைந்துள்ளன. தொல்லாயிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. பார் என்ற சொல்லுக்கு நிலம், உலகம், வன்னிலம், பாறை எனப் பல பொருள்கள் உண்டு. தென்கரை மீனவர் மீன் தங்கும் கடலடிப் பாறைத் தளத்தையும் பார் என்றே வழங்குவர்.

ஆங்கில நூல்களில் இச்சொல்லுக்கு எதிராக மூன்று பெயர்கள் வருகின்றன. ‘பேங்க்’ என்பது கடலடியில் அமைந்த மேடான நிலப்பகுதி. ‘பெட்’ என்பது ஓரிடத்தில் செறிந்து படிந்துள்ள உயிரினத் திரள். கடலின் அடித்தளத்தையும் அதே சொல் குறிக்கும். ‘ரீஃப்’ என்பது நீர்ப்பரப்பை நெருங்கி நிற்கும் பாறை அல்லது பவளத்தொடர். கப்பலுக்கு இடர் தருவது என்ற குறிப்பும் அதற்கு உண்டு.

சிப்பியை நீக்கிப் பார்த்தால் விடை கிடைக்கிறது. முத்துச்சிப்பிகள் சில ஆண்டுகள் பெருந்திரளாகத் தோன்றுவதும், பல ஆண்டுகள் முற்றிலும் இல்லாமற் போவதும் மன்னார் வளைகுடாவின் இயல்பு. சிப்பி இல்லாத ஆண்டிலும் பார் பாராகவே இருக்கிறது. அதன் பெயரும் மாறுவதில்லை. சிப்பி இல்லாத ‘ஆய்ஸ்டர் பெட்’ என்பதோ தனக்குத்தானே முரணானது. ஆகவே பாரின் உயிர்நிலை தளமேயன்றிச் சிப்பித் திரளன்று. ‘பேர்ல் பேங்க்’ என்ற ஆட்சிக்கால வழக்கு இவ்வகையில் தமிழ்ச் சொல்லுக்கு நெருக்கமானது. இலங்கையில் இருந்த ‘இன்ஸ்பெக்டர் ஆஃப் பேர்ல் பேங்க்ஸ்’ என்ற பதவியும் இதனைக் காட்டும். சிப்பி உண்டா இல்லையா என்று ஆய்ந்து சொல்வதே அவ்வலுவலரின் பணி. வெறுமையான தளமும் அவர் பார்வைக்கு உட்பட்டதே.

சங்கின் நிலை வேறு. சங்கு பாறையில் ஒட்டி வாழ்வதன்று. மணற்பாங்கான அடியில் வாழ்வது. ஆங்கில வழக்கில் முத்துக்குப் பெரிதும் ‘பேங்க்’ எனவும் சங்குக்குப் பெரிதும் ‘பெட்’ எனவும் அமைந்திருப்பதை இவ்வேறுபாட்டோடு வைத்துப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், பாறைத்தளம், மணல்தளம் என்ற வாழிட வேறுபாடு மறைந்துவிடும்.

‘ரீஃப்’ என்ற தேர்வு இன்னொரு குழப்பத்தை உண்டாக்குகிறது. மன்னார் வளைகுடாவில் உண்மையான பவளத்திட்டுகள் உள்ளன. தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள வான் தீவு, காசுவார், காரைச்சல்லி முதலிய தீவுகளைச் சுற்றி அவை அமைந்துள்ளன. 1986இல் அமைக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா இத்தீவுகளை உள்ளடக்கியது. 2001 முதல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. குளியாளர் ஒருவர் பார் என்று கூறியதை ‘ரீஃப்’ என எழுதினால், படிப்பவர் பவளத்திட்டு எனவே கொள்வர். மீனவர் தம் பழைய தொழிலிடத்தைப் பற்றிக் கூறிய வாய்மொழி, பாதுகாக்கப்பட்ட பவளத்திட்டில் தொழில் செய்ததாகக் கூறிய சான்றாக மாறக்கூடும்.

எனினும் ‘பேங்க்’ என்பதும் முழுதும் ஈடன்று. அது மேட்டை உணர்த்தும். பார் அடித்தளத்தின் கடினத்தையே முதன்மையாக உணர்த்தும். மேடாக இல்லாத பாரும் பாரே. எனவே கடலுயிரியல் ஆய்வுகள் பார் என்ற சொல்லையே ஆங்கிலத்தில் எழுத்துப்பெயர்த்து வழங்குகின்றன. முதல் ஆட்சியில் ஒரு சிறு விளக்கம் தந்து, பின் அச்சொல்லையே பயன்படுத்துவது சிறந்த தேர்வாகும்.

6. சலாபம்: ‘ஃபிஷரி’, ‘ஃபிஷிங்’, ‘டைவிங்’

முத்தெடுக்கும் தொழிலைத் தமிழ் குளித்தல் என்கிறது. உடல் நீரில் மூழ்கும் செயலே அச்சொல்லின் நடு. பெரிப்ளூஸ் நூலின் கிரேக்கச் சொல்லும் மூழ்குதல் என்றே பொருள்படும். ஆங்கிலமோ ‘பேர்ல் ஃபிஷரி’ என மீன்தொழிலின் பெயரை இதற்கு ஏற்றியது. இந்த ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல்லாக ‘முத்து மீன்பிடிப்பு’ என மீண்டும் தமிழாக்கினால், தமிழில் இருந்த துல்லியமான சொல்லைக் கைவிட்டு, அயல்மொழி உருவகத்தை ஏற்றதாகும்.

‘ஃபிஷிங்’ என்பது செயல், எண்ணப்படாப் பெயர். ‘ஃபிஷரி’ என்பது செயலோடு இடம், உரிமை, தொழிலமைப்பு ஆகியவற்றையும் குறிக்கும், எண்ணத்தக்கது. முத்துத்தொழில் ஆவணங்களில் இதற்கு வேறொரு பொருளும் உண்டு. அரசு அறிவித்து, நாள் குறித்து, படகுகளை வரவழைத்து நடத்தும் ஒரு பருவநிகழ்வே அங்கு ‘ஒரு ஃபிஷரி’ ஆகும். ஓர் ஆண்டில் ‘ஃபிஷரி’ நடத்தப்பட்டது, மற்றோர் ஆண்டில் நடத்தப்படவில்லை என்று அறிக்கைகள் எழுதுவது இப்பொருளில்தான். எண்மையைக் கவனிக்காதவர், ‘ஃபிஷரி இல்லை’ என்ற குறிப்பை அவ்வாண்டு மீன்பிடித் தொழிலே நடைபெறவில்லை எனப் பிழைபடப் படிக்க நேரும்.

இந்நிகழ்வுப் பொருளுக்குத் தமிழில் நேர்ச்சொல் உண்டு, அது சலாபம். இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள சிலாபம் என்ற ஊர்ப்பெயரை இச்சொல்லோடு தொடர்புபடுத்தி 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் சொற்களஞ்சியம் விளக்குகிறது. குளிப்பு என்பது செயல். சலாபம் என்பது அச்செயல் நிகழும் அறிவிக்கப்பட்ட பருவம். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை சலாபங்கள் நடைபெற்றன. 1961ஆம் ஆண்டுக்குப் பின் நடைபெறவில்லை. இவ்வரியை ஆங்கிலப்படுத்தும்போது ‘ஃபிஷரி’ என்பதே பொருந்தும். ‘டைவிங்’ என எழுதினால், 1961ஆம் ஆண்டுக்குப் பின் தூத்துக்குடியில் எவரும் கடலில் மூழ்கவில்லை என்றாகும். சங்குகுளிப்போர் அதன்பின்னும் மூழ்கினர் என்பதால் அது பொய்யாகும். மாறாக, குளியாளரின் உடல், மூச்சு, கல், கயிறு பற்றிய பகுதியை ‘ஃபிஷரி’ என்ற சொல்லால் எழுதினால் அவர் உழைப்பு நிருவாகச் சொல்லுக்குள் மறைந்துவிடும். அங்கு ‘டைவிங்’ என்பதே உரியது.

‘ஃபிஷர்’ என்ற சொல்லிலும் இச்சிக்கல் உண்டு. 1906இல் இலங்கையின் முத்துப்பார்களைக் குத்தகைக்கு எடுத்த இலண்டன் நிறுவனம் ‘பேர்ல் ஃபிஷர்ஸ்’ என்றே தன்னைப் பெயரிட்டுக்கொண்டது. அச்சொல்லில் முதலீட்டாளரும் அடங்குவர். ‘டைவர்’ என்பதில் அடங்கார். யார் மூழ்கினார், யார் ஊதியம் பெற்றார் என்று ஆராயும் சமூக வரலாற்றாளர் இவ்விரு சொற்களையும் மாற்றி எழுதலாகாது. சுறாவைக் கட்டும் மந்திரம் அறிந்தவராகக் கருதப்பட்ட கடல்கட்டியை ஆங்கில நூல்கள் சுறாவை மயக்குபவர் என எழுதின. தமிழ்ச் சொல் கட்டுவதாகக் கூறுவது கடலை. ஆங்கிலச் சொல் மயக்குவதாகக் கூறுவது மீனை. நம்பிக்கையின் எல்லையே இங்கு சுருங்கிவிடுகிறது.

7. சிப்பியும் சங்கும்

சிப்பி என்ற சொல்லுக்கு ‘ஆய்ஸ்டர்’, ‘மஸல்’, ‘கிளாம்’, ‘ஷெல்’ எனப் பல பெயர்கள் உள்ளன. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பியான பிங்க்டாடா ஃபுகாட்டா, உண்ணப்படும் உண்மை ‘ஆய்ஸ்டர்’ குடும்பத்தைச் சார்ந்ததன்று. உண்மை ‘ஆய்ஸ்டர்’ தன் ஓட்டையே பாறையில் பதித்துக்கொள்ளும். முத்துச்சிப்பி, ‘மஸல்’ போல, இழைகளால் பற்றிக்கொள்ளும். ஆயினும் வழக்கு ‘பேர்ல் ஆய்ஸ்டர்’ என்றே நிலைபெற்றுவிட்டது. ஹெர்ட்மன் 1903 முதல் 1906 வரை வெளியிட்ட அறிக்கையின் தலைப்பும் அதுவே. நன்னீரில் முத்துத்தருவதோ ‘மஸல்’ எனப்படுகிறது. இங்கு உயிரியல் தருக்கத்தைவிடத் துறைவழக்கே வலிது. நீக்கல் சோதனையின் எல்லையும் இதுவே: துறைவழக்கு உறுதியாக நிலைபெற்ற இடத்தில் ஆய்வாளர் அதனை மாற்ற முற்படுதல் வேண்டா.

சங்குக்கு ‘காங்க்’, ‘சாங்க்’ என இரு பெயர்கள். முதலாவது கிரேக்க வழிவந்தது. பெரிய திருகுச் சங்குகள் பலவற்றுக்கும் பொது. கரீபியன் கடலில் இறைச்சிக்காகப் பிடிக்கப்படும் வேறோர் இனத்தையும் அது குறிக்கும். இரண்டாவது சங்கு என்ற நம் சொல்லிலிருந்தே சென்றது. டர்பினெல்லா பைரம் என்ற இவ்வினத்துக்கே உரியது. ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் எழுதிய நூலின் தலைப்பில் இச்சொல்லையே ஆண்டார். சடங்கு, இசை பற்றிய பொதுக்கட்டுரையில் ‘காங்க்’ போதும். தூத்துக்குடிச் சங்குகுளிப்பு, வங்காளத்து வளையல் தொழில் ஆகியவற்றை எழுதும்போது ‘சாங்க்’ என்பதே துல்லியமானது.

முத்திலும் இத்தகைய தேர்வு உண்டு. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் சிப்பிக்குள் கருவைப் பதித்து முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டது. தமிழில் இதனைச் செயற்கை முத்து என்பர்; கண்ணாடியால் செய்த போலியையும் அவ்வாறே கூறுவர். ஆங்கிலத்தில் முன்னது ‘கல்ச்சர்ட்’, பின்னது ‘இமிடேஷன்’. சிப்பியை நீக்கினால் முன்னது உருவாகாது. பின்னதற்குச் சிப்பியே தேவையில்லை. வளர்ப்பு முத்து என்ற தமிழ்ச் சொல்லை உறுதியாக வழங்கினால் இக்குழப்பம் நீங்கும். அமெரிக்க வணிக ஆணையத்தின் நெறிகள், அடைமொழி இன்றி ‘பேர்ல்’ என்று இயற்கை முத்தை மட்டுமே கூறலாம் என வரையறுத்துள்ளன. ஒரு சொல் விலையையும் தீர்மானிக்கும் என்பதற்கு இது சான்று.

8. சொல்லும் எல்லையும்

கடற்பெயர்களில் தேர்வு பொருளைவிட மரபைச் சார்ந்தது. ‘கல்ஃப்’, ‘பே’ ஆகியவற்றுக்கு அளவால் உறுதியான வேறுபாடு இல்லை; ‘பே’ எனப்படும் வங்காள விரிகுடா பல ‘கல்ஃப்’களினும் பெரிது. தமிழ் முறையே வளைகுடா, விரிகுடா என வகுத்துக்கொண்டது. மாறாக, இரு கடல்களை இணைக்கும் ஒடுங்கிய நீர்வழியான ‘ஸ்ட்ரெய்ட்’ பொருளாலேயே வேறானது. பாக் விரிகுடா முழுவதையும் பாக் நீரிணை எனச் செய்தித்தாள்கள் எழுதுவதை ஆய்வுரை பின்பற்றலாகாது. 1974ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்பாடு பாக் நீரிணை முதல் ஆதம் பாலம் வரையிலான எல்லையை வகுத்தது. மன்னார் வளைகுடாவின் எல்லை 1976ஆம் ஆண்டு உடன்பாட்டில் வகுக்கப்பட்டது. நீர்ப்பரப்பின் பெயர் மாறினால் உடன்பாடே மாறிவிடும்.

உயிரினப் பெயர்களிலும் சட்டம் தங்கியுள்ளது. 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் மீன் என்பதில் ஓடுடைய கடலுயிர்களையும் அடக்கியது. 1893இல் பாரிசில் நடந்த பேரிங் கடல் நடுவர் விசாரணையில், கரைக்கு அப்பால் கடல்நாய்களைக் காக்கும் உரிமைக்கு இலங்கை முத்துக்குளிப்பை அமெரிக்கத் தரப்பு முன்னுதாரணமாகக் காட்டியது. முத்துச்சிப்பி கடலடியைச் சார்ந்தது, நீந்தும் விலங்குக்கு அது ஒப்பாகாது என்பது பிரித்தானியத் தரப்பின் வாதம். பாக் விரிகுடாவின் சங்குப்படுகைகள் பற்றிய வழக்கொன்றில், அந்நீர்ப்பரப்பு ஆட்சியெல்லைக்கு உட்பட்டதே என 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் முடிவு செய்தது. 1958ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையும் 1982ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கையும், கடலடியில் அசையாதிருப்பனவும் அதனோடு எப்போதும் தொட்டவாறே நகர்வனவுமான உயிர்களைத் தனியே வகுத்து, அவற்றின்மீது கரைநாட்டுக்கு உரிமை தந்தன. பாரும் சிப்பியும் ஒன்றையொன்று பற்றியிருப்பதைக் குளியாளரின் சொல் முன்பே உணர்த்தியது. சட்டம் அதே வேறுபாட்டுக்குப் பிந்தி வந்து சேர்ந்தது.

9. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

பொருள் நெருங்கிய ஆங்கிலப் பெயர்ச்சொற்களைத் தெரியும்போது அவற்றின் பொதுப்பொருளை அன்று, இன்றியமையாக் கூற்றைக் காண வேண்டும். நீக்கல் சோதனை அதற்கு வழி. தமிழ்ச் சொல்லையும் அதே சோதனைக்கு உட்படுத்தாமல் ஆங்கிலச் சொல்லை மட்டும் ஆராய்வது பயன்தராது.

உடன்வரவும் எண்மையும் சோதனையின் முடிவை உறுதி செய்யும். துறைவழக்கு நிலைபெற்ற இடத்தில் அதுவே முடிவானது. கடற்பெயர்கள், நிறுவனப் பெயர்கள் ஆகியவற்றில் பொருளைவிட ஆவணமே வழிகாட்டி.

ஆய்வுரையில் ஒரு பொருளுக்குத் தெரிந்த சொல்லையே தொடர்ந்து ஆள வேண்டும். நடையழகுக்காக மாற்றுச்சொல் இடுவது, வேறொரு பொருள் குறிக்கப்படுகிறதோ என்ற ஐயத்தை எழுப்பும்.

எந்த ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லின் உயிர்நிலையோடு ஒன்றாதபோது தமிழ்ச் சொல்லையே எழுத்துப்பெயர்த்து, ஒருமுறை விளக்கி, ஆள்வது முறையாகும். பார் இவ்வாறே அறிவியல் ஆங்கிலத்தில் இடம்பெற்றது. சங்கு அதற்கும் முன்பே ‘சாங்க்’ ஆகிச் சென்றது. சலாபமும் கடல்கட்டியும் அவ்வாறு செல்லத் தகுதியுடையவை. 1961ஆம் ஆண்டுக்குப் பின் சலாபம் நடைபெறாத நிலையில், அத்தொழிலை நேரில் அறிந்தோர் குறைந்துவருகின்றனர். அவர்களிடமிருந்து திரட்டப்படும் ஒவ்வொரு சொல்லும், அது உணர்த்தும் வேறுபாட்டோடு பதிவு செய்யப்பட வேண்டும். அவ்வேறுபாட்டை இழந்தபின் எந்த அகராதியாலும் அதை மீட்க இயலாது.